கடலில் செத்த குதிரைக்கு யார் காசு கொடுப்பது?

மன்னார் வீதியால் பயணம் செய்கிறவர்களுக்குத் தெரியும். தீவுக்குப் போகும் பெரிய பாலத்தைத் தொடுவதற்கு முன்னால், திருக்கேதீஸ்வரம் கோயிலுக்குத் திரும்பும் பாதை ஒன்று பிரிகிறது. சிவராத்திரி நாட்களில் அந்தப் பாதையில் ஈ நுழைய இடம் இருக்காது. மற்ற நாட்களில் அமைதியான இடம். அண்மையில் ஒரு நாள் அந்தப் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில் வண்டியை நிறுத்தினேன். மன்னாரில் கட்டடப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னைக் கண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தார். நமது பத்தியை வாராவாரம் படிப்பவராம்.

"நானா, ஒரு யோசனை கேட்கோணும்" என்று தொடங்கினார். வாகன இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது, இங்கே விற்பனை முகவரிடம் வாங்குவதை விட நேரே ஜேர்மனிக்குப் போய், தொழிற்சாலை வாசலிலேயே புத்தம் புதிய கார் ஒன்றைக் கையேற்று, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தால் என்ன என்பது அவருடைய கேள்வி. எல்லா வேலையையும் முடித்துத் தர ஒருவர் இருக்கிறார் என்றார். கடையின் மேலதிக இருப்பை விற்று, மீதிக்கு லீசிங் போட்டால் சரிவரும் என்றும் கணக்குச் சொன்னார்.

நல்ல உழைப்பாளி. கெட்ட பழக்கம் இல்லாதவர். ஆசைப்படுவதில் தவறும் இல்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மற்றப் பக்கத்தை அந்தத் தேநீர்க் கடையில் முழுவதும் சொல்ல நேரம் போதவில்லை. அவரைப் போல் யோசிப்பவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

நாங்கள் இருந்து பேசிய இடமே இதற்குப் பொருத்தமான இடம்தான்.

மாதோட்டத்துப் பாடம்

திருக்கேதீஸ்வரத்தைச் சுற்றியுள்ள மண்மேடு சாதாரண மேடு அல்ல. பழைய மாதோட்டம், மாந்தை என்ற துறைமுக நகரம் அதன் கீழேதான் கிடக்கிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரின் தலைமையில் அங்கே தோண்டினார்கள். சீனத்துப் பீங்கான் ஓடுகளும், பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகு பூசிய மட்பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்தன. பின்னர் 2009, 2010இல் நடந்த அகழ்வில் கறுப்பு மிளகும் கிராம்பும்கூடக் கிடைத்தன. சீனனும் அரபியும் பாரசீகனும் தமிழனும் சிங்களவனும் பொருள் மாற்றிக்கொண்ட சந்தை அது. 11ஆம் நூற்றாண்டளவில் அந்தத் துறைமுகம் ஓய்ந்துவிட்டது.

அந்தக் காலத்துக் கடல் வியாபாரத்தில் இன்றைய சொகுசுக் காருக்குச் சமமான பொருள் எது? குதிரைதான். நமது வெப்பமான கரையோரங்களில் நல்ல குதிரை வளராது. வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். வாங்கக்கூடியவர்கள் அரசர்களும் பெரும் செல்வர்களும் மட்டுமே. வைத்திருப்பவனுக்கு மரியாதை. குதிரை வணிகம் எவ்வளவு பெரிய தொழில் என்பதற்கு மகாவம்சத்திலேயே சான்று இருக்கிறது. அனுராதபுரத்தைப் பிடித்து 22 வருடம் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழர்களும் கப்பலில் குதிரை கொண்டுவந்து விற்ற ஒருவரின் பிள்ளைகள் என்று அது சொல்கிறது.

அந்த வியாபாரத்தின் விலையும் நிபந்தனையும் நமக்கு எழுத்தில் கிடைப்பது சற்றுப் பிந்திய காலத்தில், நமது கரைக்கு எதிரே, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் அங்கே வந்தன. ஒரு குதிரையின் விலை 100 மார்க் வெள்ளிக்கும் மேல். பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்கினார். அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்கினார்கள். ஆனால் வருடக் கடைசியில் உயிரோடு எஞ்சியவை 100கூட இல்லை!

ஏன் செத்தன? பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. சமைத்த இறைச்சியும் சோறும் தீனியாகப் போட்டார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் கிடையாது. அப்படிப்பட்ட ஆட்களைக் குதிரை விற்ற வியாபாரிகள் கூட்டி வரவும் இல்லை, வர விடவும் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருடம் புதிய குதிரை விலைப்படும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு விபரம் தருகிறார். வியாபாரிகளாகிய நாங்கள் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைக்க வேண்டியது அது. கீஷ் தீவின் பெருவணிகர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்புவதாக ஒப்பந்தம். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். பழங்காலம் தொட்டு வந்த விலை. கூடவே ஒரு நிபந்தனை: வழியில், கடலில், குதிரைக்குக் காயம் பட்டாலும் செத்தாலும் அதன் விலையை அரசரின் கருவூலம் கொடுக்க வேண்டும்.

கவனியுங்கள். வந்து சேராத குதிரைக்கும் வாங்குபவர்தான் காசு கொடுத்தார். விற்றவருக்குக் கடலில் எந்தப் பயமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் காயலிலும் பக்கத்துத் துறைமுகங்களிலும் பாண்டியரின் அமைச்சராகவும் பிரதிநிதியாகவும் இருந்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். அவர் யார்? குதிரை விற்ற ஜமாலுத்தீனின் உடன்பிறந்த சகோதரர். விற்பவரின் தம்பி வாங்குபவரின் ஆலோசகர்! நிபந்தனை பழையது என்று வஸ்ஸாஃபே சொல்வதால் அதை அவர்தான் போட்டார் என்று நான் பழி சொல்ல வரவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆலோசகர் அந்த நிபந்தனையை மாற்றச் சொல்லி அரசரிடம் வாதாடியிருப்பாரா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்று கேள்விகள் இங்கிருந்தே பிறக்கின்றன. கடலில் போகும் ஆபத்து யாருடையது? கரை சேர்ந்த பின் பராமரிப்பது யார்? நமக்கு யோசனை சொல்பவர் யாருடைய தம்பி? 700 வருடம் கழிந்தும் கேள்விகள் மாறவில்லை. குதிரைதான் காராகியிருக்கிறது.

மியூனிக்கில் கண்டது

இந்த ஆசை எனக்கும் வந்ததுண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மனியில் குடியிருக்கும் என் தங்கையின் மகன் பி.எம்.டபிள்யூ. ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருந்தார். "மாமா, கார் எடுக்கிறதுக்கு நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார். போனேன்.

மியூனிக் நகரில், ஒலிம்பிக் மைதானத்துக்கும் தொழிற்சாலைக்கும் பக்கத்தில், பி.எம்.டபிள்யூ. வெல்ற் என்ற பெரிய கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. 2007 ஒக்டோபரில் திறந்தது. கார் வாங்கினவர்கள் வந்து கையேற்பதற்கென்றே கட்டினது. சும்மா பார்க்க வருகிறவர்களுக்கும் உள்ளே போகக் கட்டணம் இல்லை. கார் வாங்கினவர் மேல் மாடியிலிருந்து படியில் இறங்கி வருகிறார். கீழே வட்ட மேடையில், வெளிச்சத்தின் நடுவே, அவருடைய கார் மெல்லச் சுழன்றுகொண்டு நிற்கிறது. ஒரு உத்தியோகத்தர் ஒவ்வொரு பொத்தானாக விளக்குகிறார். பிறகு சாவி கைக்கு வருகிறது. அந்த மாடியிலேயே காரை ஓட்டிச் சாய்தளத்தால் இறங்கி வீதிக்குப் போகலாம். ஜேர்மனியின் வேறு கம்பனிகளும் இப்படிச் செய்கின்றன. வொல்ஃப்ஸ்பேர்க் நகரில் வொக்ஸ்வாகன் கம்பனி 2000ஆம் ஆண்டில் திறந்த இடத்தில் 48 மீற்றர் உயரக் கண்ணாடிக் கோபுரம் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 400 கார். உங்கள் கார் மின்தூக்கியில் கீழே இறங்கி வரும்.

இது வெறும் ஆடம்பரக் காட்சி அல்ல, கெட்டிக்கார வியாபாரம். கார் வாங்கியவன் வாழ்நாள் முழுவதும் அந்த நாளை ஊராருக்குச் சொல்வான். ஒரு காசும் கொடுக்காத விளம்பரம்.

மருமகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "மாமா, நீங்களும் ஒண்டு எடுங்களேன். ஊருக்கு அனுப்புவம்" என்றார்.

நெஞ்சு ஆடிப்போனது உண்மை. காரணம் உண்டு. என் வாப்பாவிடம் ஒஸ்டின் ஏ40 கார் ஒன்று இருந்தது. மன்னாரில் எங்கள் கடை வாசலில் நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைப்பது என் வேலை. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எங்கள் குடும்பமும் மற்றவர்களைப் போலப் படகேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. கார் வாசலில் நின்றது. எனக்கு அப்போது இருபது வயதுதான். அந்த வாசலில் ஒரு நாள் அதைவிட நல்ல கார் ஒன்றை நிறுத்த வேண்டும் என்பது அன்றிலிருந்து எனக்குள் இருந்த ஆசை. மியூனிக்கில் அந்தச் சுழலும் மேடையைப் பார்த்தபோது அதுதான் கண்முன் வந்தது.

அன்று இரவு மருமகனின் வீட்டில் கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு என்னைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ்.

வாசல் விலை வேறு, வீட்டு விலை வேறு

மருமகன் வாங்கியது சரியான கொள்வனவு. அவர் அங்கேயே வாழ்கிறார். அங்கேயே ஓட்டுகிறார். பழுதுபார்க்கும் இடம் அவருடைய வீட்டிலிருந்து பத்து நிமிடம். அது பிறந்த மண்ணிலேயே ஓடும் குதிரை. நான் வாங்கினால் அது கடல் கடக்க வேண்டும். அங்கேதான் கணக்கு மாறுகிறது.

முதலில் வண்டி. நம் நாட்டில் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஜேர்மனியில் இடப்பக்கம். ஆகவே கடையில் நிற்கும் காரை எடுக்க முடியாது, வலப்பக்க ஸ்டீயரிங்குடன் தனியாக ஓடர் கொடுக்க வேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் வாகனத்துக்கு ஜேர்மனியின் 19 சதவீத வரி திரும்பக் கிடைக்கும் என்பது நல்ல விடயம். ஆனால் பொருள் நாட்டை விட்டு வெளியேறியதற்கு ஆவணம் காட்ட வேண்டும். ஆசைக்கு அங்கேயே நம்பர் பிளேட் போட்டு நாலு நாள் ஓட்டினால், அது பதிவு செய்த வாகனமாகிவிடும். புதிய வாகனத்துக்கும் பதிவு செய்த வாகனத்துக்கும் நமது நாட்டில் விதி வேறு, சந்தை விலையும் வேறு.

அடுத்தது வரி. 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி மீளத் திறக்கப்பட்டபோது இருந்த வீதங்களை வைத்து ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். பெற்றோல் கார் ஒன்று. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துச் சுங்கம் ஏற்றுக்கொள்ளும் பெறுமதி 1 கோடியே 50 இலட்சம் ரூபா என்று வையுங்கள்.

சுங்கத் தீர்வை 20 சதவீதம்: 30 இலட்சம்.
அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீத மேலதிக வரி: 15 இலட்சம்.
சொகுசு வரி, பெற்றோல் காருக்கு 50 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 100 சதவீதம்: 1 கோடி.

இதுவரைக்கும் மட்டும் 1 கோடியே 45 இலட்சம். இன்னும் முடியவில்லை. இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி தனியே உண்டு. அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும் உண்டு. அதாவது மியூனிக் வாசலில் நிற்கும் காரின் விலையை விட அதன் வரி பெரியது. மியூனிக்கில் சாவி வாங்கும்போது யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். அது அவர்களின் வேலையும் அல்ல.

வீதங்கள் வர்த்தமானி அறிவித்தலால் மாறுகிறவை. ஆகவே நான் எழுதியதை வைத்து யாரும் காசு கட்டிவிட வேண்டாம். கட்டுகிற அன்று சுங்கத் திணைக்களத்தில் கேளுங்கள்.

கடல் யாருடையது?

இனிப் பாண்டியரின் கேள்விக்கு வருகிறேன். நமது வியாபாரிகளில் பலர், சி.ஐ.எஃப். விலையில் வாங்கினால் கொழும்பு வரும்வரை பொறுப்பு விற்பவருடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியையும் காப்புறுதியையும் விற்பவர் கட்டுகிறார், அவ்வளவுதான். பொருள் ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறிய கணத்திலிருந்து ஆபத்து வாங்குபவருடையது. எஃப்.ஓ.பி. என்றாலும் அப்படியே. வஸ்ஸாஃப் எழுதிய நிபந்தனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அப்படியானால் காப்புறுதி இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் சர்வதேச வர்த்தக விதிப்படி சி.ஐ.எஃப். விற்பனையாளர் எடுக்க வேண்டியது ஆகக் குறைந்த "சி" பிரிவுக் காப்புறுதி மட்டும்தான். கப்பல் எரிதல், தாழ்தல் போன்ற பெரிய விபத்துகளுக்கு அது உதவும். திருட்டுப் போனாலும், இறக்கும்போது கீறல் நெளிவு பட்டாலும் உதவாது. விரிவான "ஏ" பிரிவு வேண்டுமென்றால் கேட்டு, மேலதிகக் காசு கட்டி, எழுத்தில் வாங்க வேண்டும்.

கப்பல் எரிவதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 2022 பெப்ரவரியில் ஜேர்மனியின் எம்டன் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார்க் கப்பல் அசோரஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்தது. உள்ளே ஏறத்தாழ 4000 கார்கள். போர்ஷே, அவுடி, பென்ட்லி, லம்போகினி என்று எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள். மாலுமிகள் 22 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பல் மார்ச் 1ஆம் திகதி கார்களோடு கடலின் அடியில் போய்விட்டது. 2023 ஜூலையில் ஃபிரிமான்டில் ஹைவே என்ற இன்னொரு கார்க் கப்பல் நெதர்லாந்துக் கடலில் எரிந்தது. அதில் ஒரு மாலுமி உயிரிழந்தார். நமது வாசலிலேயே 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்ததை யார் மறப்பார்கள்?

கப்பல் தப்பினாலும் செலவு வரலாம். கப்பலையும் சரக்கையும் பொதுவாகக் காப்பாற்ற ஏற்பட்ட செலவை எல்லாச் சரக்குக்காரரும் பங்கு போட்டுக் கட்டும் பழைய கடல் சட்டம் ஒன்று உண்டு. 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கியபோது கப்பல் உரிமையாளர் அதைத்தான் அறிவித்தார். பொருளில் கீறல் இல்லாவிட்டாலும் உத்தரவாதம் கட்டாமல் பொருளை எடுக்க முடியாது. காப்புறுதி இருந்தால் கம்பனி பார்த்துக்கொள்ளும். இல்லாதவர் தன் கையால் கட்டுவார்.

கடலுக்கு மேலே இன்னொரு கடல் இருக்கிறது. அது நமது நாட்டின் சட்டமும் நாணயமும். நான் மியூனிக்கிலிருந்து திரும்பிய அதே 2018 செப்டெம்பரின் இறுதியில், தனிப்பட்ட வாகனத்துக்கு எல்.சி. திறப்பவர் முழுப் பெறுமதியையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று மத்திய வங்கி அறிவித்தது. 2020இல் கொரோனா வந்ததும் வாகன இறக்குமதி அடியோடு நின்றது. தனியார் கார்களுக்கு அது திறக்க 2025 ஆனது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த வருடம் கியூ.ஆர். அட்டை வந்தபோது, ஒரு கோடிக் காருக்கும் கிழமைக்கு 20 லீற்றர்தான்.

புத்தளத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு இடைத்தரகர் மூலம் வெளிநாட்டுக் காருக்கு முற்பணம் கட்டினார். எழுத்து மூலம் ஒன்றும் இல்லை, பழக்கத்தின் மேல் நம்பிக்கை. இறக்குமதி நின்றது. "திறந்ததும் வரும்" என்றார்கள். வருடங்கள் போயின. காசு கரைந்து கரைந்து கொஞ்சம் திரும்பியது. அவருக்கு இரண்டு கடை இருந்தது. இன்று ஒன்றுதான். அவர் சூதாடவில்லை, ஊதாரியும் அல்ல. சரக்குக்குப் போக வேண்டிய காசைக் காருக்குக் கட்டினார், அவ்வளவுதான்.

லாடம் அடிக்க ஆள் உண்டா?

சரி, எல்லாம் தாண்டிக் கார் மன்னாருக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். நமது உப்புக்காற்றில், நமது வெயிலில் நிற்கிறது. ஒரு நாள் காலையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. இன்றைய கார்களில் பாதி கணினி. அதை வாசிக்கும் கருவியும் கற்ற ஆளும் கம்பனியின் முகவரிடம்தான் இருக்கும். கொழும்பு சுமார் 300 கிலோமீற்றர். இழுவை வண்டிக்கு எவ்வளவு? உதிரிப்பாகம் வர எத்தனை கிழமை? நீங்கள் நேரடியாகக் கொண்டுவந்த காருக்கு இங்குள்ள முகவர் உத்தரவாதம் ஏற்பாரா? பாண்டியரின் லாயத்தில் இல்லாத லாடக்காரனை நாங்கள் மன்னாரில் எங்கே தேடுவது?

இதை எழுதும்போது ஒரு சிரிப்பும் வருகிறது. அரபு வணிகர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவை என்று நமது பெரியவர்கள் சொல்பவற்றில் இரண்டை இன்றும் மன்னாரில் காணலாம். ஒன்று பெருக்கமரம். மற்றது கழுதை. மரியாதைக்கு வாங்கிய குதிரையின் சுவடு இல்லை. பாரம் சுமந்த கழுதை இன்றைக்கும் மன்னார் வீதியில் நடுரோட்டில் நின்று, வருகிற சொகுசுக் காரை ஹோர்ன் அடிக்க வைக்கிறது!

வாங்கத்தான் வேண்டும் என்றால்

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி உள்ளவர் நல்ல வாகனம் வைத்திருப்பது குற்றமல்ல. வியாபாரிக்கு அது சில இடங்களில் உதவியும் செய்யும். வெளிநாட்டுக்குப் போய்க் கையேற்பதும் ஒரு அனுபவம்தான். ஆனால் சாவிக்கு முன்னால் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒன்று, வீட்டு வாசல் விலை எவ்வளவு? கப்பல், காப்புறுதி, எல்லா வரிகள், துறைமுகச் செலவு, பதிவு உட்பட. வாசல் விலை தெரியாதவருக்கு மியூனிக் விலை மலிவாகத்தான் தெரியும்.

இரண்டு, கார் கப்பலில் சேதமானால், கப்பல் தாமதித்தால், இடையில் சட்டம் மாறினால், முற்பணம் யாரிடம், எத்தனை நாளில் திரும்பும்? செய்யச் சொல்லி முற்பணம் கொடுத்து வாங்குவது மார்க்கத்தில் இஸ்திஸ்னா என்ற பெயரில் அனுமதிக்கப்பட்ட வியாபாரம்தான். ஆனால் அதற்கு விலையும் பொருளின் தன்மையும் ஐயமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்பது நிபந்தனை ஆகாது.

மூன்று, காப்புறுதி "ஏ" பிரிவா, "சி" பிரிவா? பத்திரம் யாருடைய பெயரில்?

நான்கு, பழுது பார்ப்பவர் யார், எங்கே?

ஐந்து, யோசனை சொல்பவருக்குக் கொமிஷன் யார் கொடுக்கிறார்? விற்பவர் கொடுத்தால் அவர் விற்பவரின் தம்பி. நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பக்கத்துக்கு வேறொருவர் வேண்டும்.

ஆறு, காசு எங்கிருந்து வருகிறது? இலாபத்திலிருந்து எடுத்தால் ஆசைக்குச் செலவு. முதலிலிருந்து எடுத்தால் கடைக்குச் செலவு. இந்த வித்தியாசம் ஸக்காத் கணக்கிலேயே தெரிந்துவிடும். கடையிலுள்ள வியாபாரச் சரக்குக்கு ஸக்காத் உண்டு, சொந்தப் பாவனைக் காருக்கு இல்லை. சரக்கு பெருகும், கார் தேயும்.

கடைசியாக என் வாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தளத்து முகாமில் இருந்த காலத்தில் அந்த ஒஸ்டின் காரைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் கேட்பேன். அவர் திரும்பத் திரும்பக் கவலைப்பட்டது கடையில் விட்டு வந்த கடன் கொப்பியைப் பற்றித்தான். யார் யார் எவ்வளவு தர வேண்டும், தான் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நினைவில் இருந்ததைப் புதிய கொப்பி ஒன்றில் எழுதினார். தான் கொடுக்க வேண்டியவர்களைத் தேடித் தேடிக் கொடுத்தார். அந்தப் பெயரை நம்பித்தான் கொழும்பு மொத்த வியாபாரிகள் எங்களுக்கு மீண்டும் கடனுக்குச் சரக்குத் தந்தார்கள். கடை மறுபடி எழுந்தது அந்தக் கொப்பியால்தான்.

தேநீர்க் கடைத் தம்பிக்கு நான் ஒரு வெறுங்கடதாசியில் ஆறு கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போவாரா, மாட்டாரா என்பது அவருடைய விருப்பம், அவருடைய உழைப்பு. முதலில் அந்தக் கடதாசியை நிரப்பிக்கொண்டு, மேலதிக இருப்பை விற்காமல் போக முடியுமென்றால் போகட்டும். இன்ஷா அல்லாஹ், திரும்பி வரும்போது அவர் கடையும் அதே இடத்தில் திறந்திருக்கும்.